கடை முகவரி

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் முடிந்ததும் எங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கூட்டாளிகள் கொழும்பில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போனார்கள். எனக்கு வாய்த்தது ஹட்டனில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கிளை. பலசரக்குக் கடைக்கு மேலே, எந்நேரமும் ஈரக் குடை நாற்றம் அடிக்கும் மாடி. ஆறு மாதமும் சன்னல் வழியே மழையைத் தவிர வேறெதையும் பார்த்த ஞாபகமில்லை.

சேர்ந்த அன்று கொடுத்த படிவத்தில் தலவாக்கலை டவுனிலுள்ள ஒரு கடையின் முகவரியை எழுதினேன். பொய்யில்லை, எங்கள் வீட்டுக் கடிதமெல்லாம் அங்கேதான் வரும். வட்டகொடைப் பக்கம் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, ஏது வீட்டு இலக்கம்? கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கே யாராவது கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயரைக் கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் கடிதம் திரும்பவும் மேசைக்குப் போய்விடும். எனக்குக் கெம்பஸ் கிடைத்த கடிதமே அப்படிப் பத்து நாள் கிடந்தது. அதற்குப் பிறகுதான் அப்பா தெரிந்த கடைக்காரரிடம் கெஞ்சி அந்த முகவரியை வாங்கினார்.

ஆபீசில் என்னைக் கடைக்காரர் மகள் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. "தோட்டத்து ஆக்களுக்கு எத்தன தரம் சொன்னாலும் வெளங்காது" என்று அவர்கள் சலித்துக்கொள்ளும்போது நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது.

ஒரு நாள் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் வந்தார். மலையில் மருந்தடிக்கப்போன புருஷன் குளவி கொட்டிச் செத்துப்போயிருந்தார். அவர் எப்போதோ ஒரு விபத்துக் காப்புறுதி எடுத்து வைத்திருந்தார். அம்மாவின் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மரணச் சான்றிதழ். மூத்த மகள் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாளாம்.

"இது கெடச்சாத்தாங்க மிஸ் புள்ள படிக்கும். இல்லாட்டி நிப்பாட்டத்தான் வேணும்" என்றார்.

படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். அவர் போன பிறகு என் மேலதிகாரி ஃபைலைப் புரட்டிவிட்டு, ஆஸ்பத்திரி அறிக்கை இல்லையென்றார். கொடுத்திருந்த தொலைபேசி எண் செத்தவருடையது, வேலை செய்யவில்லை. ஒரு மாதத்துக்குள் அறிக்கை வராவிட்டால் ஃபைலை மூடவேண்டும், பதிவுத் தபாலில் எழுதிப் போடு என்றார்.

உறையின்மேல் அந்த அம்மாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதினேன். 'இது கைக்குப் போய்ச் சேராது சேர்' என்று வாய்வரை வந்தது. சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார். மென்று முழுங்கிவிட்டு உறையை ஒட்டினேன். அந்தத் தோட்டத்துச் சந்தியைத் தாண்டித்தான் என் பஸ் தினமும் போகும். ஒரு நாள் இறங்கி, லயத்துப் பக்கம் நடந்து, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கு மழை, நாளைக்குப் பார்ப்போம் என்று ஒவ்வொரு நாளும் சீட்டிலேயே இருந்தேன். இதற்கிடையில் கடிதம் கிடைத்ததற்கான அட்டை யாரோ ஒருவரின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. மேலதிகாரி அதை ஃபைலில் குத்தினார்.

ஒன்றரை மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். உடைக்காத கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"கடிதம் கெடச்சதுக்கு சைன் இருக்கு, ஃபைல மூடியாச்சு" என்றார் மேலதிகாரி. "மேல எழுதிப் பாருங்க. ஆனா நம்பிக்க வைக்க வேணாம்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "பெரட்டுல கூப்பிட்டாங்களாம் மிஸ். தாலியறுத்தவ காலங்காத்தால மத்தவங்க மூஞ்சிக்கு முன்னால நிக்கப்படாதுன்னு, நான் ஒதுங்கிப் போயி நேரா மலைக்கு ஏறிருவேன். எனக்கு யாருமே சொல்லலங்க. நேத்துத்தான் தோட்டத்து ஆபீஸ்ல எடுத்துக் குடுத்தாங்க."

மற்றவர்கள் தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். நான் அவரோடு படியிறங்கினேன். மூத்தவளைப் போன வாரமே கொழும்புக்குக் கார்மெண்ட் வேலைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை.

"நான்தாம்மா அந்தக் கடிதத்த அனுப்பினேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். கொழுந்துக் கறை ஏறி வெடித்த விரல்கள், எங்கள் அம்மாவின் விரல்களேதான்.

"நீங்க என்னம்மா செய்வீங்க. நீங்க டவுன் புள்ள. லயத்துக்குக் கடுதாசி வந்து சேர்ற லச்சணம் ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? மனசுல வச்சிக்காதீங்க."

ஆமாம் என்று தலையாட்டினேன்.