காற்று தடுக்கும் கரண்ட்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பகுதியைக் கூட்டித் துடைப்பது என் வேலை. யாரிடமும் வலியப் போய்ப் பேச எனக்கு வராது. அன்று யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் ஒருவர் கணினியில் ஒரு கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோடு சட்டென்று உயர்ந்து விழுந்திருந்தது. "இது காமா கதிர்" என்று மாணவி ஒருத்திக்குச் சொன்னார். கூட்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் தொண்டைப் புற்றுநோய்க்கு என் மனைவிக்குக் கொடுப்பதும் அதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் அதற்குக் கரண்ட் பிடிப்பது என்று பெயர்.

"சேர், வானத்துலயும் கரண்ட் புடிக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டேன். மாணவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஓம் அண்ணை. எங்கயோ தூரத்தில ஒரு நட்சத்திரம் சாகேக்க இது வெடிச்சு வரும். காத்து மறிச்சுப்போடும், நிலத்துக்கு வராது. அதாலதான் தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பிப் பிடிக்கினம். எவ்வளவு நேரம், எவ்வளவு பிரகாசம் எண்டு அளக்கினம்."

கரண்ட் பிடித்துப் பிடித்துத் தொண்டை புண்ணாகி, இனிக் கரண்ட் பிடிக்கப் போகமாட்டேன் என்று மனைவி வீட்டில் படுத்திருந்தாள். அன்று மாலை கலஹா பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டுக்குப் போனதும் அவளிடம் இதைச் சொன்னேன். நட்சத்திரம் செத்ததை மட்டும் விட்டுவிட்டேன். வானத்திலிருந்தே வருகிற சாமான் என்றால் பயம் தெளியும் என்று நினைத்தேன்.

"காத்தே வேணாம்னு தடுக்குது. நான் மட்டும் போய்ப் படுத்துப் புடிச்சுக்கணுமாங்க?" என்றாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் வந்தபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் மட்டும் ஏறி வேலைக்குப் போனேன்.