போனை வைக்காத பெரியம்மா

"திரும்பவும் சொல்றேன், உங்க பேர்ல ஒரு பார்சல் பிடிபட்டிருக்கும்மா" என்றது ஓர் ஆண் குரல்.

"அடடா, யார் அனுப்பினாங்க?" என்றார் பெரியம்மா.

நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பெரியம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். கதவு திறந்திருந்தால் இரண்டு பக்கப் பேச்சும் படிக்கட்டு வரை கேட்கும்.

"யார் அனுப்பினாங்கங்கறது விசாரணையில தெரியும். உள்ளே போதை மருந்து இருக்கு. போலீஸ்லேர்ந்து பேசறோம்னு அப்பவே சொன்னேனே?"

"முகவரியை ஒரு தடவை நல்லாப் பாருங்களேன். எதிர்வீட்டு டிரைவர் தம்பிக்கு வர்றதெல்லாம் இங்கதான் வரும். போன வாரம்கூட ஒரு மிக்சி மூடி வந்துது."

"இது விளையாட்டு இல்லம்மா. நீங்க இப்ப எங்க கண்காணிப்புல இருக்கீங்க. லைனைக் கட் பண்ணக் கூடாது."

"நான் எதுக்குங்க கட் பண்ணப் போறேன்? என் சர்வீஸ்லயே நான் முதல்ல வெச்சது கிடையாது."

"வீட்ல வேற யார் இருக்கா?"

"யாருமில்லை. தங்கச்சி பொண்ணு வருவா. வந்தாலும் பேச மாட்டா."

"அவங்ககிட்ட இதைப் பத்தி எதுவும் சொல்லக் கூடாது."

"சொன்னா மட்டும் என்ன, 'ம்'னுவா. அது சரி, உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கே? காலையிலேர்ந்து பேசறீங்க, பாவம். தண்ணி குடிச்சிட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அந்த மனிதர் தண்ணீர் குடித்தார். குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, கொஞ்சம் தெளிந்த குரலில், "பாஸ்புக்கை எடுத்தாச்சா?" என்றார்.

"மடியிலதான் இருக்கு. கண்ணாடியைத்தான் காணோம். இருங்க, கிடைச்சதும் நம்பரைப் படிக்கறேன்."

கண்ணாடி அவர் தலைமேல் இருந்தது. கை அதை நோக்கிப் போவதைப் பார்த்துவிட்டு நான் உள்ளே ஓடி, போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

யாரையோ கன்னத்தில் அறைந்துவிட்டதைப் போல என்னைப் பார்த்தார் பெரியம்மா. "என்னடி இது! எதிர்ல ஆள் பேசிட்டிருக்கும்போதே வெச்சிட்டே!"

"பெரியம்மா, அவன் திருடன். போலீஸ் இல்லை."

"திருடனாவே இருக்கட்டும். 'வெக்கறேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வெச்சா வாய் வலிக்குமா?"

பெரியம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை அவருடையது. ஒரு நாற்காலி, ஒரு மேசை விசிறி, சுவரில் வார்டு எண்களின் அட்டை. காதில் ஹெட்போன் மாட்டி மாட்டி, உச்சந்தலையில் முடி ஒரு கோடாகப் படிந்துவிட்டது. இன்றைக்கும் எந்தச் சீப்பாலும் அந்தக் கோட்டை அழிக்க முடியவில்லை. தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'ஹலோ அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பி "ஹலோ" என்றுதான் கேட்பார்.

அந்த அறையில் ஒரு விதி இருந்தது. கூப்பிட்டவர் வைக்கும்வரை ஆபரேட்டர் வைக்கக் கூடாது. மற்றவர்களுக்கு அது மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்த ஒரு காகிதம். பெரியம்மாவுக்கு அது ரத்தத்தில் ஏறிவிட்டது. வெளியூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, மனைவிக்கு ஆபரேஷன் நடக்கிறது, முடிந்ததா என்று கேட்டிருக்கிறார். முடியவில்லை. அவருக்குப் பேசவும் தெரியவில்லை, வைக்கவும் மனம் வரவில்லை. பெரியம்மா மற்ற அழைப்புகளையெல்லாம் பார்த்துக்கொண்டே, நடுநடுவே அந்த லைனுக்கு வந்து "இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் நல்லபடி முடிந்ததும் அந்த மனிதர் நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாராம்.

"அதுதான் சரி" என்பார் பெரியம்மா. "வெக்கறது அவர் உரிமை. இருக்கறது என் வேலை."

இப்படிப்பட்டவரிடம் ஏமாற்றுக்காரர்கள் வந்து சேர்ந்தது பாலைத் தேடிப் போகாமலே பூனைக்குக் கிண்ணம் கிடைத்த கதைதான். லோன் வேண்டுமா என்று கேட்டவனிடம், "எனக்கு வேணாம் தம்பி, உனக்கு ஏதாவது கஷ்டமா?" என்று விசாரித்தார். மின்சாரத்தைத் துண்டிக்கப் போவதாக மிரட்டியவனிடம், எந்தக் கம்பத்திலிருந்து இந்தக் கட்டிடத்துக்கு லைன் வருகிறது என்று விளக்கினார். மின்னஞ்சல்கள் அவருக்குப் புரியாத மொழியில் வரும். வாசித்துச் சொல்வது என் வேலை. வாரிசே இல்லாமல் இறந்துபோன ஒரு கோடீஸ்வரரின் சொத்து பெரியம்மாவுக்கு வரவிருப்பதாக ஒரு கடிதம். முழுக்கக் கேட்டுவிட்டு, "பாவம்டி, அழக்கூட ஆளில்லாம செத்திருக்கான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவரை எல்லாம் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

பாஸ்புக் மடிக்கு வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் அம்மாவிடம் சொன்னேன், அம்மா அண்ணனிடம் சொன்னார். அண்ணன் என்றால் பெரியம்மாவின் மகன். வேறு ஊரில் வேலை. அவர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வரேன். பட்டன் போன் ஒண்ணு வாங்கியிருக்கேன். அஞ்சு நம்பர் மட்டும் போட்டுத் தருவேன். வேற யாரும் உள்ள வர முடியாது."

"அப்ப ராங் நம்பர்கூட வராதாடா?" என்றார் பெரியம்மா.

"ராங் நம்பர் எதுக்கும்மா வரணும்?"

பெரியம்மாவுக்கு ஒரு தையற்காரம்மாவைத் தெரியும். எப்போதோ பட்டன் கடைக்குப் போடவேண்டிய எண்ணைத் தவறாகப் போட்டு இவரிடம் வந்தவர். பட்டன் கடை எண்ணைத் தேடிக் கொடுத்தார் பெரியம்மா. அதற்கு நன்றி சொல்ல அந்தம்மா மறுபடி கூப்பிட்டார், அதற்கப்புறம் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. மருமகள் முகம் கொடுத்துப் பேசாதது முதல் ஊசி ஒடிந்தது வரை எல்லாம் இங்கே வரும். இன்றுவரை இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. பழைய வார்டு ஆயா, பணம் கட்டும் கவுன்ட்டரில் இருந்தவர், எப்போதோ சிகிச்சைக்கு வந்து குரலை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் என்று பட்டியல் நீளம். ஐந்து எண்களில் அவர்கள் யாரும் அடங்க மாட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் வெக்கக் கத்துக்கறேன்" என்றார் என்னிடம். "நீ திருடன் மாதிரி பேசு. நான் பட்டுன்னு வெச்சிடறேன்."

நான் அடுத்த அறைக்குப் போய் அவர் எண்ணுக்குப் போட்டேன். "வணக்கம், நான் வங்கியிலிருந்து பேசறேன். உங்க கார்டு நம்பர் கொஞ்சம் சொல்ல முடியுமா?"

"இவ்வளவு மரியாதையா எவன்டி ஏமாத்துவான்? மிரட்டு!"

"கார்டை முடக்கிடுவோம்."

"ஐயோ, அதட்டிக்கூடப் பேச வரலையே உனக்கு. உன் ஆபீஸ்ல உன்னை எப்படிடீ இன்டர்வியூவில எடுத்தாங்க?"

"பெரியம்மா, வைங்க."

"வெக்கட்டுமா?"

"திருடன்கிட்ட அனுமதி கேக்கக் கூடாது."

"சரி. வெக்கறேன். தப்பா நினைச்சுக்காதே. சாப்பிட்டியா?"

வாரம் முழுக்க இதேதான் நடந்தது. கட்டைவிரல் சிவப்புப் பொத்தான் வரை போகும். அங்கே, வாசல் வரை வந்து கூச்சப்படும் விருந்தாளி மாதிரி நிற்கும். சனிக்கிழமை சாயங்காலம் பெரியம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தையற்காரம்மாகிட்ட என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார், என் அம்மாவும் வந்திருந்தார். பட்டன் போன் பெட்டி சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தது. நாங்கள் தட்டைப் போடும்போது பெரியம்மாவின் போன் அடித்தது.

"உங்க சிம் கார்டை இன்னும் ரெண்டு மணி நேரத்துல முடக்கப் போறோம்" என்றது குரல், எடுத்த எடுப்பில். "லைனைக் கட் பண்ணிடாதீங்க."

பெரியம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, 'எங்கே, வைங்க பார்க்கலாம்' என்பதுபோல நின்றார். கட்டைவிரல் போனது, நின்றது. பிறகு பெரியம்மாவின் முதுகு நிமிர்ந்தது. நான் கேட்டிராத ஒரு குரல், மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையின் குரல், வெளியே வந்தது.

"லைன்ல இருங்க. சம்பந்தப்பட்டவருக்கு இணைக்கறேன்."

போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டார்.

"யார்டா நீ?" என்று ஆரம்பித்தார் அண்ணன். "எந்த ஆபீஸ்? உன் மேலதிகாரியைக் கூப்பிடு. என்னது, மரியாதையா பேசணுமா? வயசான ஆளுங்களை ஏமாத்தற உனக்கு என்னடா மரியாதை?" அந்தப் பக்கத்துக்காரனும் சளைக்கவில்லை. அண்ணன் ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். அவனுடைய படிப்பைப் பற்றியும் வளர்ப்பைப் பற்றியும் பேச்சு போனது. கிண்ணங்களில் ஆவி அடங்கிவிட்டது.

"வெச்சிடுடா, சாப்பாடு ஆறுது" என்றார் பெரியம்மா.

"இரும்மா, இவனை நான் விடறதா இல்லை!"

"வெச்சிடுடா. திருடன்கிட்ட என்னடா பேச்சு?"

கடைசியில் அவனேதான் வைத்தான். அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்து, நம்பமுடியாமல் பார்த்தார். என் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்ச் செம்போடு உள்ளே போய்விட்டார். அண்ணனும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

"எனக்கு வெக்க வராது, உனக்கும் வரலை" என்றார் பெரியம்மா. "ஆனா எனக்கு இணைக்க வரும். எவனாவது பணம், நம்பர்னு வாயைத் திறந்தா உடனே வேற ஆளுக்கு இணைச்சிடறேன். பாஸ்புக்கைத் தொட மாட்டேன். போதுமா?"

"எல்லாக் களவாணியையும் எனக்கு இணைச்சா நான் எப்பம்மா வேலை பாக்கறது?"

"உனக்கு வேணாம். நீ பேசிட்டே இருப்பே."

"அப்ப யார் வாங்கிப்பா? ஒரு ஆளைச் சொல்லுங்க, இந்தப் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோயிடறேன்."

பெரியம்மா மேசைக்கு இந்தப் பக்கம் திரும்பினார். நான் தட்டில் கண்ணாக இருந்தேன்.

"இதோ இருக்காளே" என்றார். "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சொல்லுவாங்க. கெடுத்தா அந்தத் திருட்டுப் பசங்களோட ஊரைக் கெடுக்கட்டும்." அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உனக்கு இணைக்கற மாதிரி இதுல செட் பண்ணிக் குடுடி. நீ ஒண்ணும் பேச வேணாம், பேசவும் மாட்டே. சும்மா எடு, கேளு, வெச்சிடு. ஆனா வெக்கறதுக்கு முன்னாடி, என் பேரைக் காப்பாத்த, 'வெக்கறேன்'னு அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிடறியா?"