பர்னரைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் வீட்டு கேஸ் அடுப்பை ஏழு மாதம் நான் ரிப்பேர் பார்த்தேன். அந்த ஏழு மாதத்தில் ஒருநாள், ஒரே ஒரு நாள், என் மனைவியை மதுரைக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப் போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அப்படித்தான் நான் நினைக்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நான் ஃபிட்டர். எந்த மிஷின் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். 'புதுசு வாங்கிரலாம்' என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கழற்றிப் பார்க்கத் துப்பில்லாதவன் பேசுகிற பேச்சு அது என்பேன். எண்பதுகளில் பதிந்துவைத்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் எங்களுக்கு கேஸ் கிடைத்தது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர், பிள்ளை இல்லை. அடுப்பு வந்த அன்று அவள் அதற்குக் குங்குமம் வைத்து, பால் காய்ச்சி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் காப்பி கொடுத்தாள்.

நாலைந்து வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு மாசி மாதம், பகல் ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் தள்ளுகிறேன், குப்பென்று கேஸ் நாற்றம். அவள் அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.

"ஏட்டி, மூக்கு என்ன அடைச்சா கெடக்கு? வீடு பூரா கேஸு நாறுது!"

அவள் பதறிப்போய் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். "சளி புடிச்சிருக்குங்க, தெரியல" என்றாள். அடுப்பின் இடதுபக்க நாப் லேசாகத் திறந்து கிடந்தது. கழற்றிப் பார்த்தேன், உள்ளே தேய்ந்துதான் போயிருந்தது. மாற்றினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பத்து நாளில் மறுபடியும் நாற்றம். இந்தத் தடவை பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பர்னரையும் கழற்றி, ஓட்டை ஓட்டையாகக் குத்திச் சுத்தம் செய்தேன். அதற்கடுத்த ஞாயிறு ரப்பர் குழாயை மாற்றினேன். இன்னொரு ஞாயிறு வாஷர். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை நாற்றம் வந்துகொண்டேதான் இருந்தது. நான் கத்துவேன், அவள் ஜன்னலைத் திறப்பாள். சில நாள் தலைவலிக்கிறது என்று துணியால் தலையைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பாள். கேஸைச் சுவாசித்தால் தலை வலிக்காதா என்று அதற்கும் அடுப்பைத்தான் திட்டினேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வந்ததில்லை. குமிழி வரவில்லை என்றால் கசிவு இல்லை என்று மில்லில் புதிதாக வருகிறவனுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவன் நான். அடுப்பில் கோளாறு இல்லை என்று என் கையே சொன்னது. அப்புறமும் என் புத்தி அவள் பக்கம் திரும்பவில்லையே, பாவி!

புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் தம்பி சாப்பிட வந்திருந்தான். படையல் போட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். பாயாசத்தை வாயில் வைத்தால் ஒரே தீய்ந்த வாடை. அடிப்பிடித்து வெகுநேரம் கருகியிருக்கிறது.

"என்னக்கா, இம்புட்டு கருகியிருக்கு, கவனிக்கலியா?" என்றான் தம்பி.

"சாமிக்குப் படைக்கிறத மோந்து பாக்கக் கூடாதுல்லடா" என்றாள் அவள்.

எங்கள் பக்கம் அப்படித்தான். படையலுக்குச் சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டார்கள், முகர்ந்தும் பார்க்க மாட்டார்கள். நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் அதைக் கேட்டுத் தலையாட்டினோம். முகர்ந்து பார்ப்பது வேறு, கருகுகிற வாடை தானாக மூக்கில் ஏறுவது வேறு என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. "சிம்முல நிக்க மாட்டேங்குது, அதான்" என்று நான்தான் அடுப்பின் மேல் பழியைப் போட்டேன்.

"தூக்கிப் போடுங்க அத்தான் அந்த அடுப்ப. எம்புட்டு நாளைக்குத்தான் தட்டிக்கிட்டே இருப்பிய?" என்றான் தம்பி.

அன்றைக்குத்தான் நான் தோற்றேன். மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனுக்குத் தெரிந்த கடையில் புது அடுப்பு வாங்கினோம். பஸ்ஸில் பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னால் கேட்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். "இதுலயாச்சும் ஒண்ணும் வராம இருக்கணும்" என்று இரண்டு தடவை சொன்னாள். அடுப்பைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதே நாற்றம். உள்ளே ஓடினேன். புது அடுப்பின் நாப் திறந்து கிடக்கிறது. அவள் அதன் முன்னால் நின்று தீப்பெட்டியிலிருந்து குச்சியை எடுத்துக்கொண்டிருக்கிறாள். பாய்ந்து தட்டிவிட்டேன். தீப்பெட்டி சுவரில் மோதிச் சிதறியது. அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"காப்பி போட வந்தேங்க. என்ன?"

சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு, அவளைக் கொல்லைப்புறத்துக் கல்லில் உட்கார வைத்தேன். பெருங்காய டப்பாவை எடுத்துவந்து, கண்ணை மூடு என்றேன். மூக்கினடியில் பிடித்தேன்.

"இது என்ன, சொல்லு."

செத்த நேரம் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். "காப்பித்தூளா?" என்றாள்.

மில்லில் கை துடைக்கிற மண்ணெண்ணெய்த் துணியைப் பிடித்தேன். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"எம்புட்டு நாளா?"

"தை மாசத்துல இருந்து."

"ஏன்ட்டி சொல்லல?"

"சொன்னா அடுப்படிக்குள்ள விட மாட்டிய. ஒங்களுக்குச் சோறு பொங்கிப் போடாம நான் என்ன செய்ய?"

மறுநாள் மதுரைக்குப் போனோம். ஒரு டாக்டர் இன்னொருவரிடம் அனுப்பினார், அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நெற்றிக்குப் பின்னால் கட்டி. படத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. வாசனை தெரியாமல் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ரெண்டு வாரமாத்தான் சார்."

டாக்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இது ரொம்ப நாளாக வளர்ந்திருக்கிறது, இன்னும் சின்னதாக இருக்கும்போது வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார். வெளியே வந்து, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"ஒங்களத்தான ஏசுவாரு. நாலு பேரு முன்னால ஒங்களுக்கு அது தாங்காது" என்றாள்.

ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அந்த ஒன்பது நாளும் கண்ணைத் திறக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஏட்டி, ஏட்டி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷமாக அதட்டிக் கூப்பிட்டதையெல்லாம் மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தெருவே கூடி நின்றது. அவள் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்தான்.

"அத்தான், முன்னாடியே ஒண்ணுமே தெரியலியா? ஒரு அறிகுறிகூடவா இல்ல?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"ரெண்டு வாரமாத்தான்யா" என்றேன்.

அவன் நம்பினான். என் தோளில் சாய்ந்து, "நீங்க என்ன அத்தான் செய்வீங்க" என்று அழுதான்.