பேக்கிங் காகிதத்தில் ஒரு வட்டம்

பந்தய வண்டிக்காரர்கள் என் பெரியப்பாவை மைக்ரான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் மொத்த வேலையையும் பிரித்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார் என்பதால் வந்த பெயர். நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பந்தயத் தடத்தில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் அவரிடம் பிரித்த பாகங்களாகச் சாக்கு மூட்டையிலும் அட்டைப் பெட்டியிலும் வரும். சில மாதம் கழித்துச் சொந்தச் சக்கரத்தில் திரும்பிப் போகும்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "உங்க பெரியப்பாவுக்கு எப்பவோ கல்யாணம் ஆயிடுச்சுடி. பொண்ணு சிங்கிள் சிலிண்டர்" என்பாள் அம்மா. பட்டறையின் பின்னாலேயே ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். யாராவது வந்தால் டீயைத் தன் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருப்பார்.

ஒரு காலத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரே வண்டி இருந்தது. ஐந்நூறு சிசி பழைய பந்தய வண்டி. இஞ்சின் கட்டுவது பெரியப்பா, ஓட்டுவது அப்பா. எனக்கு ஏழு வயதிருக்கும்போது, ஒரு பந்தயத்தின் இரண்டாவது சுற்றில், நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போகும்போது பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. இன்றும் இடது கால் அரை அங்குலம் குட்டை.

ஆஸ்பத்திரிக்கு வந்த பெரியப்பா, கட்டில் பக்கத்தில் நின்று, காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"எத்தனை நிமிஷம் சூடு பண்ணே?"

"ரெண்டு" என்றார் அப்பா.

"அதான்" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா போய்விட்டார். நாலு நிமிஷமாவது சூடாக்காமல் குளிர்ந்த இஞ்சினை முறுக்கினால் சிலிண்டருக்கு முந்திப் பிஸ்டன் விரிந்துவிடும், பிடித்துக்கொள்ளும். வண்டிக்காரர்களில் தெரியாதவர்கள் கிடையாது. அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. படுக்கையில் இருந்தபடியே அப்பா வண்டியை இருந்த நிலையில் ஒரு பல் டாக்டருக்கு விற்றுவிட்டார். டாக்டர் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி, நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் நிறுத்திவைத்தார். பல்வலி வந்தால் அப்பா ஊரின் மறுகோடியில் இருக்கும் வேறு டாக்டரிடம்தான் போவார்.

பெரியப்பா வீட்டோடு தொடர்பு முழுதாக அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டது அம்மாதான். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பாத்திரத்தைக் கையில் கொடுத்து என்னை அனுப்புவாள். பாத்திரம் திரும்பி வரும்போது அம்மா கழுவுவதைவிடச் சுத்தமாக இருக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் நான் போனபோது பட்டறை நடுவில் அந்த வண்டி நின்றது. பல் டாக்டருக்கு அதை ஓட்டிப் பார்க்க ஆசை வந்திருக்கிறது. திங்கட்கிழமை எடுத்துப் போக வருகிறார். இஞ்சின் புதிதாகக் கட்டி முடிந்திருந்தது. பெரியப்பா வழக்கம்போல அதைக் காட்டி விளக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, அந்த வண்டியைப் பத்தி உங்கப்பா ஏதாவது பேசுவானா?"

"பேசவே மாட்டார் பெரியப்பா. ஆனா தினம் ஆபீஸ் போறதுக்கு முன்னாடி காரை ஸ்டார்ட் பண்ணிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருப்பார். அம்மா கூட, 'என்ன, ராக்கெட்டா விடறீங்க?'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. வெயில் காலத்துலயும் அப்படித்தான்."

சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் எழுந்து போய் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துவந்தார்.

சிலிண்டருக்கும் அதன் அடியில் இருக்கும் இஞ்சின் பெட்டிக்கும் நடுவில், ஆயில் கசியாமலிருக்க வைக்கிற பேக்கிங் காகிதம். கடையில் வாங்கமாட்டார், தானே வெட்டுவார். தடித்த காகிதத்தை உலோகத்தின் மேல் விரித்து, சுத்தியலின் உருண்டைத் தலையால் விளிம்போடு மெல்லத் தட்டிக்கொண்டே போனால் காகிதம் அந்த வடிவத்திலேயே வெட்டுப்படும். ஓட்டை வரவேண்டிய இடங்களில் ஓர் இரும்புக் குண்டை வைத்து ஒரு தட்டு. சின்ன வயதில் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

"நாலு நாள் எண்ணெய் ஊத்தி ஊற வெச்சு, மரக்கட்டையால தட்டித்தான் பிஸ்டனைக் கழட்டினேன். இது முழுசா வந்துச்சு. நல்லாப் பாரு."

போல்ட்டுகளுக்கான நான்கு ஓட்டைகள் இருந்தன. ஓர் ஓரத்தில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டம் அழுந்தியிருந்தது. வட்டம் மட்டும்தான். ஓட்டை இல்லை.

"சிலிண்டர் சுவருக்கு ஆயில் போற வழி அது" என்றார். "ஓட்டை போடல. நான்தான்."

பந்தயத்துக்கு முந்தைய நாள் வெட்டிய காகிதம். அவர் வெட்டியது. நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். அந்தக் காகிதத்தைக் குப்பையில் போட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

"அஞ்சு நிமிஷமா?" என்றார்.

"ஆமா பெரியப்பா."

"அவனுக்குப் போன் போடு."

அவர் கையெல்லாம் கிரீஸ். அதனால் ஸ்பீக்கரில் போட்டு நான் பிடித்துக்கொண்டேன். என் எண் என்பதால் அப்பா உடனே எடுத்தார்.

"என்னம்மா, கிளம்பிட்டியா?"

"நான்தான்" என்றார் பெரியப்பா.

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"ம்."

"வண்டி எங்கிட்ட வந்திருக்கு. பிரிச்சுப் பார்த்தேன். அடிப் பேக்கிங்ல ஆயில் ஓட்டை போடாம விட்டிருக்கேன். நீ அரை மணி நேரம் சூடு பண்ணியிருந்தாலும் அது பிடிச்சிருக்கும்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"நாலு நிமிஷம் பண்ணேன்" என்றார் அப்பா. "நீ கேட்ட விதத்துல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அதான் ரெண்டுன்னேன்."

பெரியப்பா கையைப் பழந்துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"எப்பப் பார்த்தே?"

"செவ்வாக்கிழமை."

"இன்னிக்கு சனி."

"ஆமா."

"ஸ்டார்ட் ஆச்சா?"

"இனிமேதான். தள்ள ஆள் வேணும்."

எடை குறைய வேண்டும் என்று அந்த வண்டிகளில் உதைத்துக் கிளப்பும் கிக்கர் வைப்பதில்லை. ஒருவர் தள்ள, இன்னொருவர் மேலே உட்கார்ந்து கிளட்சை விட வேண்டும். இஞ்சினைத் தனியாளாகக் கட்டலாம். பெரியப்பா வயதில் தனியாளாக அதைக் கிளப்ப முடியாது. அந்தக் காலத்தில் தள்ளியது அவர், மேலே உட்கார்ந்தது அப்பா.

போனை நான் அணைக்கவில்லை. அப்பாவும் அணைக்கவில்லை. சட்டைப் பைக்குள் அதைப் போட்டுக்கொண்டு வண்டியைத் தெருவுக்கு இறக்க உதவினேன். எதிர்ப் பட்டறைத் தச்சர் வேலையை விட்டுவிட்டு வந்து கைகொடுத்தார்.

"என்ன மைக்ரான் சார், இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சுட்டுக் கிக்கர் வைக்க மறந்துட்டீங்களே!"

வேறு நாளாக இருந்தால் தச்சருக்கு நல்ல பதில் கிடைத்திருக்கும். பெரியப்பா ஏறி உட்கார்ந்தார்.

தெரு லேசான சரிவு. முதல் தடவை இருமிவிட்டு நின்றது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. தச்சர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரியப்பா தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து, இஞ்சினை அணைக்காமல் மெல்ல முறுக்கிக்கொண்டு நின்றார். நான் போனை எடுத்துப் புகைக்குழாய்ப் பக்கம் நீட்டினேன்.

அணைத்த பிறகுதான் அப்பாவின் குரல் கேட்டது.

"கீழ் வேகத்துல முக்குது. ஸ்குரூவைக் கால் சுத்து திறந்து விடு."

பெரியப்பா பதில் சொல்வதற்குள் அப்பா இணைப்பைத் துண்டித்துவிட்டார். அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பினார். தச்சரும் நானும் மறுபடி தள்ளினோம். முக்கல் போயிருந்தது.

"அப்பாவைக் கூப்பிடவா பெரியப்பா?"

"வேண்டாம். சரியாப் போயிருக்கும்னு அவனுக்குத் தெரியும்."

திங்கட்கிழமை டாக்டர் வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த வாரம் பாத்திரம் வாங்கிவரப் போனபோது, பட்டறை நடுவில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. வேலை மேசைக்கு மேலே, தலை நிமிர்ந்தால் கண்ணில் படும் உயரத்தில், அந்தக் காகிதத்தை ஆணியில் மாட்டியிருந்தார்.

பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வாசல்வரை வந்தார்.

"இப்பவும் அஞ்சு நிமிஷமா பாப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"இப்பவும் அஞ்சு நிமிஷம்தான் பெரியப்பா."

தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அளவுக்கருவியைக் கையில் எடுத்தார். நான் தெரு திரும்பும்வரை அதை வைத்து அவர் எதையும் அளக்கவில்லை.