வரவேற்புப் பத்திரத்தின் நான்காம் பத்தி

எங்கள் திருச்சபைக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்றால், முதலில் ஜாலான் பெண்டஹாரா பூக்கடையில் மாலைக்குச் சொல்லி வைப்பார்கள். அடுத்து என்னைக் கூப்பிடுவார்கள். மாலை மறுநாளே வாடிவிடும். நான் எழுதிக் கொடுத்த வரவேற்புப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் வருஷக்கணக்கில் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருந்த எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறேன், பேராயருக்கு எழுதியிருக்கிறேன், மாற்றலாகிப் போன போலீஸ்காரர் ஒருவருக்குக்கூட எழுதியிருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே 'கருணைக்கடல்'தான். பெயரை மட்டும் மாற்றுவேன்.

இப்போது கேலி பேசுகிறேன். அப்போது அதை ஊழியம் என்று நம்பினேன். ஆளுகிறவர்களைக் கனம்பண்ண வேண்டும், அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும், நாவைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் கேட்டு வளர்ந்தவள் நான். என் அண்ணனும் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதையேதான் கேட்டான்.

அண்ணன் குருபோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தான். கிராணி என்றால் துரை பக்கம் நிற்க வேண்டும். இவன் தொழிற்சங்கத்தில் போய் நின்றான். குழாய் போடத் துரை மறுத்ததால், லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் கால்வாய்த் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்தன. இரண்டாவது குழந்தையைப் புதைத்த சாயங்காலம் நடந்த கூட்டத்தில், ஒலிபெருக்கி முன்னால் நின்று துரையைக் கொலைகாரன் என்று சொல்லிவிட்டான்.

அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த நேரம். பத்து நாள் கழித்து போலீஸ் ஜீப் வந்தது. காட்டில் ஒளிந்து போராடுகிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி அனுப்பினான் என்றார்கள். வழக்கும் கிடையாது, விசாரணையும் கிடையாது. தடுப்பு முகாமில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னதால், அண்ணி ஒரு இரும்புப் பெட்டியோடு காஜா பேராங்கில் நான் இருந்த வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

சபையில் யாரும் எங்களை ஒதுக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். முறுக்கும் சோறும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, "வாயாலே கெட்டுட்டாரு" என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆராதனையில் ராணிக்காகவும் ஹைகமிஷனருக்காகவும் போலீஸ் தலைவருக்காகவும் பதவி பதவியாகச் சொல்லி ஜெபித்தோம். அண்ணனுக்கு என்று தனியாக ஜெபம் வந்ததில்லை. கடைசியில் 'பாடுபடுகிற யாவருக்கும்' என்று ஒரு வரி வரும். அதில் அவனும் அடக்கம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வருஷம் போனது. சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தபோது அண்ணிக்கு ஒரு அரசாங்கக் கடிதம் வந்தது. அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவன், ஆகவே அவனை இந்தியாவுக்கு நாடு கடத்த உத்தரவாகியிருக்கிறது. நாலு வயதில் கப்பலேறி வந்தவன் அவன். அங்கே அவனுக்கு ஒரு சொந்தக்காரர் முகமும் தெரியாது. மேலே இருக்கிற யாராவது ஒரு வார்த்தை சொன்னால் உத்தரவு நிற்கும் என்று பள்ளித் தலைமையாசிரியர் சொன்னார். அந்த மாதமே, புதிய அரசாங்கத்தில் பெரிய இடம் கிடைக்கப்போகிற தமிழ்த் தலைவர் ஒருவர் எங்கள் சபைக் கூடத்துக்கு வருவதாகச் செய்தி வந்தது.

"நான் அவரு கால்ல விழுந்து கேட்டுர்றேன்மா," என்றார் அண்ணி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கூட்டத்துல அப்படியெல்லாம் செய்யக்கூடாது அண்ணி. மரியாதையா இருக்காது. நான் பத்திரத்துல எழுதிர்றேன்."

"அவரு பேரு போட்டு எழுதுவியா? உங்கண்ணன் பேரு?"

"எழுதாம என்ன?"

எழுதவும் எழுதினேன். நான்காம் பத்தியில் அண்ணன் பெயர், முகாம், உத்தரவு எல்லாம் இருந்தது. போதகரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நல்ல மனிதர் அவர். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வாழ்த்தில் விண்ணப்பத்தைக் கலக்கலாமா, அதுவும் முகாமில் இருப்பவர் பெயரைச் சொல்லலாமா, சபை மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். பெயரை எடுத்துவிட்டு 'எங்கள் சகோதரர் ஒருவர்' என்று போட்டேன். போதகர் மேல் பழியைப் போட எனக்கு ஆசைதான். ஆனால் கடைசித் திருத்தம் அவர் சொல்லாமல் நானே செய்தது. வீட்டுக்கு வந்து நல்ல தாளில் எழுதும்போது அந்த 'ஒருவர்' கூட விரல் நீட்டுவதுபோல் எனக்குத் தோன்றியது. 'காலச் சூழலால் கலங்கி நிற்கும் எங்கள் குடும்பங்கள் சில, தங்கள் கருணைப் பார்வையை எதிர்நோக்கியுள்ளன' என்று முடித்தேன். முடித்துவிட்டு, வாசகம் நன்றாக அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். வெட்கக்கேடு.

தலைவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் வாசித்ததை முழுவதும் கேட்டார். எத்தனையோ பெரியவர்கள் முன்னால் வாசித்திருக்கிறேன், பாதிப் பேர் கடிகாரம் பார்ப்பார்கள். இவர் பார்க்கவில்லை. நான்காம் பத்தி வந்தபோது தலையைத் தூக்கினார். கூட்டம் முடிந்து பார்லித் தண்ணீர் கொடுக்கும்போது, அவராகவே நானும் அண்ணியும் நின்ற இடத்துக்கு வந்தார்.

"அழகா எழுதியிருக்கீங்க டீச்சர். ஏதோ சில குடும்பங்கள்னு சொன்னீங்களே, யாரு அவங்க? என்ன பிரச்சினை? சொல்லுங்க."

அண்ணி ஒரு அடி முன்னால் வைத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். போதகர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் சாதாரண உடையில் ஒரு இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார்.

"பெரிசா ஒண்ணுமில்லீங்க ஐயா," என்றேன். "நீங்க வந்ததே எங்களுக்குப் போதும்."

அவர் உடனே போய்விடவில்லை. என் முகத்தையும் அண்ணி முகத்தையும் பார்த்தார். பிறகு சிரித்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில், "என்னாம்மா அப்படி சொல்லிட்ட?" என்று அண்ணி கேட்டார். அவர் மணிக்கட்டில் என் நகம் பதிந்திருந்தது.

"அண்ணன் பேரு எல்லாம் பத்திரத்துல இருக்கு அண்ணி, வாசிக்கிறப்ப மட்டும் விட்டுட்டேன். பத்து பேரு முன்னால சொல்ற விஷயமா அது? எடுத்துட்டுப் போயிருக்காரு, படிப்பாரு."

நம்பினார். நான் டீச்சர் அல்லவா.

ராஜாவின் முகத்துக்கு நேராகப் போய் நின்று, அவன் செய்த பாவத்தை அவனிடமே சொன்ன தீர்க்கதரிசியின் கதையை நான் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்கு ஆடிப்பாடிச் சொல்லிக் கொடுத்தவள். அவர் ராஜாவை அவமதிக்கவில்லை, விஷயத்தை விழுங்கவும் இல்லை. எனக்கு அவ்வளவு தைரியம்கூடத் தேவைப்படவில்லை. ராஜாவே வந்து கேட்டார். அண்ணன் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லாமல் இருந்ததற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். பயம், அவ்வளவுதான்.

அண்ணனைக் கப்பலேற்றிய நாளைக்கூட எங்களுக்குச் சொல்லவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தபால் அட்டை வந்த பிறகுதான் தெரியும். சுதந்திரம் வந்த மெர்டேக்கா அன்று நாங்களும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றோம். யாரோ கொடுத்த காகிதக் கொடியை அண்ணி மடக்கிய குடை மாதிரி கீழே பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணனோடு அதே முகாமில் இருந்த இரண்டு பேரைப் பின்னால் விடுதலை செய்துவிட்டார்கள். அவர்கள் புக்கிட் பாருவில் சைக்கிள் கடை போட்டார்கள். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும்போது அந்தப் பக்கம் போகாமல் அண்ணி சுற்றிப் போவார். மூன்றாம் வருஷம் அண்ணன் கும்பகோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான்.

அண்ணி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோபமெல்லாம் அந்தத் தலைவர் மேல்தான். "அவ்வளவு எழுதிக் குடுத்தும் கல்லு மாதிரி இருந்துட்டாரே," என்பார். ஆராதனையில் நாட்டுத் தலைவர்களுக்காக ஜெபிக்கும்போது எல்லோரும் ஆமென் சொல்வோம். அண்ணி வாயைத் திறக்கமாட்டார். சபையில் முணுமுணுத்தார்கள். நானே ஒருநாள் அவருக்குப் புத்தி சொன்னேன்: "அப்படி இருக்கக்கூடாது அண்ணி. அவங்களையும் கனம்பண்ணணும்." இதைச் சொன்ன நாக்கு என்னுடையதுதான்.

எழுதுகிற ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு நகல் சட்டம் போட்டு, சபைக் கூடத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உயரத்தில் மாட்டுவது எங்கள் வழக்கம். கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு சனிக்கிழமை வெள்ளையடிப்பதற்காக எல்லாவற்றையும் இறக்கியிருந்தார்கள். நானும் அண்ணியும் ஈரத்துணியால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தோம். துடைக்கிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அண்ணி விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். நான்காம் பத்தியை முடித்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசிவரை போய், என் கையெழுத்தில் இருந்த சபையின் பெயர்வரை வாசித்துவிட்டு, சட்டத்தை என் பக்கம் திருப்பினார்.

"இதுல அவரு எங்கம்மா இருக்காரு?"

நான் துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தேன். அண்ணி திரும்பக் கேட்கவில்லை. மிச்சமிருந்த சட்டங்களைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அடுத்த ஞாயிறு, நாட்டுத் தலைவர்களுக்காக ஜெபித்தபோது அண்ணி ஆமென் சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது. என் பக்கத்து இடத்தை விட்டு, இரண்டு பெஞ்சு முன்னால் போய் உட்கார்ந்திருந்தார்.