ஊருக்கே இருக்கிற கொதிப்பு

என் சித்தி செல்வாம்பாளிடம் வாதாடி ஜெயித்தவர்கள் பெரிய மார்க்கெட்டில் யாரும் இல்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். ஆகவே தோற்பதில் மற்றவர்களைவிட எனக்குப் பழக்கம் அதிகம்.

குருசுக்குப்பத்தில் வீடு, மார்க்கெட்டில் கருவாட்டுக் கூடை. ஆள் அகலம். அவள் உட்கார்ந்தால் பக்கத்துக் கடைக்காரி நகர்ந்துகொள்ள வேண்டும். கன்னத்தில் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும். "உப்பு எப்படிக்கா?" என்று யாராவது கேட்டால் சும்மா பதில் சொல்ல மாட்டாள். கருவாட்டில் ஒரு விள்ளல் பிய்த்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, "சரியா கீறேன்னு சொல்லுது" என்பாள். நாள் முழுக்க இதே வேலை. வீட்டுக்கு வந்தால் கருவாட்டுக் குழம்பு, தொட்டுக்கொள்ள வறுத்த கருவாடு.

1958 மாசியில் ஒரு காலை, கூடையைத் தலையில் ஏற்றும்போது தடுமாறி உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சைப் பிழிகிறது என்றாள். மார்க்கெட் பக்கம் புதிதாக வைத்தியம் பார்க்க வந்திருந்த டாக்டர் கண்ணையனிடம் இழுத்துப் போனேன். அவர் அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, பெட்டியில் பாதரசம் ஏறுவதைப் பார்த்தார்.

"ரத்தக்கொதிப்பு ரொம்ப ஏறிக் கெடக்கும்மா. உப்பையும் புகையிலையையும் விட்டுடுங்க. உடம்பும் எளைக்கணும். இல்லன்னா அடுத்த தடவை உக்காந்தா எழுந்திரிக்க மாட்டீங்க."

"உப்ப வுட்டுட்டு கருவாட்ட எப்பிடி முசியே விக்கறது? சர்க்கரை தூவியா?"

பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷத்துக்கு மேலாகியும் சித்திக்கு டாக்டர் என்றால் முசியேதான்.

"வித்துக்குங்க. திங்காதீங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்க பொட்டி பொய் சொல்லுது. மார்க்கெட்டுக்கு வந்து எல்லாருக்கும் கட்டிப் பாருங்க. எனக்கு மட்டும் இருந்தா, இன்னைக்கே உப்ப வுட்டுடறேன்."

அவரும் சரியென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தி தோற்கப்போகிறாள்! மார்க்கெட் முழுக்க ஓடினேன். "மருமவளுக்கு முன்னால போவீங்களா பின்னால போவீங்களான்னு ஒரு பொட்டி சொல்லுது, வாங்க" என்று கூவினேன். வரிசை மீன்கடை வரை நின்றது.

பூசணிக்காய் விற்கும் கோவிந்தராசு தொப்பையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கொதிப்பு. பூக்கடை ராஜாம்பாள். கொதிப்பு. வரிசை நகர நகர டாக்டரின் முகம் சுருங்கியது. கொதிப்பு இல்லாதவர்கள் சிலர்தான். அவர்களும் தங்களுக்குத்தான் ஏதோ குறை என்பதுபோல வாடிய முகத்தோடு போனார்கள்.

கடைசியில் மூட்டை தூக்கும் மண்ணாங்கட்டி வந்தார். எலும்பும் தோலும், வாயில் பீடி. பந்தயம் எப்போதோ போயாயிற்று; இளைத்தவர்களுக்குக் கொதிப்பு வராது என்று வாதாடவாவது இவர் உதவட்டும் என்று மாரியாத்தாளை வேண்டிக்கொண்டேன். டாக்டர் இரண்டு முறை கட்டிப் பார்த்தார். சித்தியைவிட அதிகம்.

"அண்ணே, பீடிய விடணும். மூட்டையும் தூக்கக் கூடாது."

"மூட்டைய வுட்டா பீடிக்குக் காசேது முசியே? ரெண்டும் ஒண்ணாத்தான் போவும்!"

மார்க்கெட்டே சிரித்தது. சித்தி என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியாடி அன்னக்கிளி? தொப்பைக்காரனுக்கும் இருக்குது, ஒட்டடைக்குச்சிக்கும் இருக்குது. ஊருக்கே இருந்தா அதுக்குப் பேரு வியாதியா? மூக்கு மாதிரி, ஆளுக்கு ஒண்ணு!"

"ஊரே கெணத்துல வுழுந்தா கெணறு தரையாயிடுமா?" என்றார் டாக்டர்.

"பேச்சு மாறாதீங்க முசியே. பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன்."

அன்றைக்கு வஞ்சிரக் கருவாடு வறுத்தாள், ஜெயித்ததற்காக. நீ போய்விட்டால் நான் யாரிடம் தோற்பது என்ற கேள்வி வாய்வரை வந்தது. அதற்குப் பதிலாக அவளுடைய புகையிலைப் பையில் காய்ந்த வேப்பிலையை நொறுக்கிப் போட்டு வைத்தேன். விளக்குமாறு பறந்து வந்தது. மறுநாள் புதுப் புகையிலையும் வந்தது.

பங்குனி பிறந்ததும் ஒரு நாள் மண்ணாங்கட்டி வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு எங்கள் கூடையோரம் வந்து உட்கார்ந்தார். "நெஞ்ச அடைக்குதுக்கா" என்றார். சித்தி விசிறினாள். நான் டாக்டரை அழைக்க ஓடினேன். அவர் வந்து மண்டியிட்டுப் பார்த்து, மெல்ல எழுந்தார். அணைந்த பீடி மண்ணாங்கட்டியின் விரலிடுக்கிலேயே இருந்தது.

"இப்பவாவது என்னைத் திட்டுங்களேன் முசியே" என்றாள் சித்தி.

அவர் திட்டவில்லை. மண்ணாங்கட்டியின் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மூடிவிட்டுப் போனார். அதுதான் அவளைத் தைத்தது.

அடுத்து கடை விரித்த நாளில் ஒருத்தி வந்து, "உப்பு எப்படிக்கா?" என்றாள். சித்தி பழக்கத்தில் ஒரு விள்ளல் பிய்த்து வாய்வரை கொண்டுபோனாள். கை நின்றது. அப்படியே என் பக்கம் நீட்டினாள்.

"நீ பாத்துச் சொல்லுடி. உனக்கு வயசு இருக்குது."

அன்று முழுக்க நான்தான் நக்கினேன். கடை கட்டுவதற்குள் நாக்கு வெந்துவிட்டது. அவள் கொதிப்பை என் தலையில் இறக்கி வைத்துவிட்டு, புகையிலை இல்லாத வெறும் வெற்றிலையை மென்றுகொண்டு, ஏதோ பெரிய தியாகம் செய்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் உப்பில்லாத கஞ்சி வைத்தேன்.

"இது கஞ்சியா, சுவத்துக்கு அடிக்கற சுண்ணாம்பா?"

"குடி சித்தி."

முகத்தைக் கோணிக்கொண்டு குடித்தாள். பாதியில் என் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"நீ மட்டும் உப்பு போட்டுக்கினுதான குடிக்கற, திருடி?"

"ஆமா. கைநெறய போட்டிருக்கேன்."

கிண்ணத்தை அவள் கைக்கு எட்டாமல் நகர்த்திவைத்துக்கொண்டேன். அதிலும் உப்பில்லை. எட்டிப் பிடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தால், "வயசுப்புள்ள, நீ எதுக்குடி உப்ப வுடற?" என்று அந்த வாதத்திலும் அவள்தான் ஜெயித்திருப்பாள்.