விரலைப் பார்த்தே அளவு சொல்பவர்

போலகத்திலிருந்து காரைக்கால் வரும் எட்டே முக்கால் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் அன்பழகன் உட்காருவதில்லை. நின்றால்தான் மேல்கம்பியைப் பிடித்திருக்கும் கைகள் வரிசையாகத் தெரியும். "பதினெட்டு... பதினாறு... அது முட்டி பெருத்த விரல், இருபது போட்டாத்தான் ஏறும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வருவார். பக்கத்தில் புதிதாக நிற்பவர் இவர் செல்போனில் பேசுவதாக நினைத்துக்கொள்வார். தினமும் வருகிறவர்களுக்கு விஷயம் தெரியும். "எனக்கு எத்தனைண்ணே?" என்று கேட்டுவிட்டு இறங்குகிறவர்கள்கூட உண்டு.

எல்லாம் மோதிர அளவு. பாரதியார் சாலையில் நடுத்தரமான ஒரு நகைக்கடையில் இருபத்தாறு வருடமாக மோதிரப் பிரிவு இவருடையது. வயது ஐம்பது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சின்னக் குங்குமக் கீற்று, சட்டைப்பையில் ஒரு நூல்கண்டு. கழற்ற முடியாமல் இறுகிப்போன மோதிரத்தோடு மாதத்துக்கு நாலு பேராவது வருவார்கள். மோதிரத்துக்கு மேலே விரல் முழுக்க நூலை நெருக்கமாகச் சுற்றி, நுனியை மோதிரத்துக்கு அடியில் விட்டு, திருப்பி அவிழ்த்துக்கொண்டே வருவார். நூலோடு மோதிரமும் ஏறி வெளியே வந்துவிடும். இதற்குக் காசு வாங்குவதில்லை. "கழட்டிட்டுப் போனவங்க அடுத்தத போட இங்கதான வரணும்" என்பார்.

மற்ற கடைகளில் எண் போட்ட வளையக் கொத்து ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றாக விரலில் மாட்டிப் பார்த்து அளவு எடுப்பார்கள். இவருடைய மேசையிலும் அந்தக் கொத்து ஆணியில் தொங்குகிறது. அதில் தூசி இருக்கிறது. "கொத்த எடுத்தா கஸ்டமருக்கு ஆஸ்பத்திரி நெனப்பு வந்துடுது. விரல இறுக்கிக்கிறாங்க" என்பது இவருடைய வாதம். வந்தவர் தண்ணீர் டம்ளரை வாங்கும்போது பார்ப்பார், வைக்கும்போது இன்னொரு தரம் பார்ப்பார். அவ்வளவுதான்.

நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் எடுக்க வருகிறவர்களிடம் இவர் எத்தனை கிராம் என்று கேட்பதில்லை. முதல் கேள்வி, "யாரு போடப் போறாங்க?" இரண்டாவது, "என்ன வேல பாக்குறாங்க?" அதன் பிறகுதான் தட்டு வெளியே வரும். போன வாரம் நெடுங்காட்டிலிருந்து வந்த ஓர் அம்மாள், வரப்போகிற மருமகனுக்குக் கல் பதித்த மோதிரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். இவர் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சாப்பிடுற கையில கல்லு வேண்டாங்க. சாம்பார் சாதம் போயி இடுக்குல ஒக்காந்துக்கும். அப்புறம் மாப்ள எந்நேரமும் ஊக்க வச்சிக் குத்திக்கிட்டே இருப்பாரு."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். கல் இல்லாத மோதிரம் விற்பனையானது.

இவர் கையில் மோதிரம் கிடையாது. காலையில் கடைக்குள் நுழையும்போது ஊழியர்கள் போட்டிருக்கும் நகையை நோட்டில் எழுதி, இரவு போகும்போது சரிபார்க்க வேண்டும். அந்த வரிசையில் நிற்க இவருக்குப் பொறுமை இல்லை என்கிறார் காசாளர் வைத்தியலிங்கம். இவர் சொல்லும் காரணம் வேறு. "ஊட்டி விடுறவன் வாயில சோத்த வச்சிக்கலாமா?"

பிளாட்டினம் என்றால் மட்டும் இவருக்கு முகம் மாறும். இவருடைய கடையில் அது இல்லை. யாராவது கேட்டால் தயாராக ஒரு பேச்சு வைத்திருக்கிறார். "பாக்க வெள்ளி மாதிரி இருக்கும், வெல மட்டும் வேற மாதிரி இருக்கும். காசு குடுத்தது உங்களுக்கும் கடைக்காரனுக்கும்தான் தெரியும். மூணாவது மனுஷனுக்குத் தெரியாது." ஆண்கள் தங்கம் அணியாத முஸ்லிம் குடும்பங்கள் திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்து கேட்டால், நல்ல வெள்ளி மோதிரமாக எடுத்துக் கொடுத்து அனுப்புவார். மற்றவர்களை எப்படியும் தங்கத்துக்குத் திருப்பிவிடுவார். இருபத்தாறு வருடத்தில் பிளாட்டினத்துக்கு ஒருவரைக்கூட அனுப்பியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இப்போது அவர் மகள் நித்யஸ்ரீக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ரஞ்சித்குமார், அம்பகரத்தூர். திருநள்ளாறு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை. பெண்ணுக்கு மோதிரம் அவர்கள் எடுக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு மோதிரம் இவர் எடுக்க வேண்டும். தன் கடையில், தன் தட்டிலிருந்து, தன் கையால் எடுக்கப்போகும் ஒரு மோதிரத்தை மூன்று மாதமாக மனதுக்குள் பொறுக்கி வைத்திருந்தார். ஒரு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மகள் சொன்னாள்.

"அப்பா, அவருக்கு பிளாட்டினம் எடுப்போம்பா."

"எதுக்கும்மா?"

"மஞ்சளா கையில போட்டா கோயில் தர்மகர்த்தா மாதிரி இருக்குன்னு சொன்னார்ப்பா."

அன்பழகன் ரசத்தை ஊற்றிக்கொண்டே, தன்னுடைய பிளாட்டினப் பேச்சை முழுதாக ஒரு தரம் ஒப்பித்தார். மகள் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு, "அவர் என்கிட்ட கேட்ட மொத விஷயம்ப்பா இது" என்றாள். அன்பழகன் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார்.

மனைவி மங்கையர்க்கரசி அப்போது வேறொன்றை எடுத்து விட்டார். "எந்த உலோகமா இருந்தா என்னங்க, அளந்து எடுங்க. என் நிச்சயத்துக்கு நீங்க கண்ணால பாத்துத்தான் மோதிரம் எடுத்தீங்க. பெருசாப் போயி, ஆறு மாசம் அதுல நூல் சுத்திப் போட்டிருந்தேன்."

"அப்ப நான் கடைக்குச் சேந்து ஒரு மாசம்தான். அது கணக்குல சேராது."

"என் விரலுக்கு மட்டும் கணக்கு கெடையாது" என்று மங்கையர்க்கரசி எழுந்து போனார்.

அடுத்த சிக்கல் கடை. பிளாட்டினம் வேண்டுமென்றால் எதிர்ச்சாரியில் புதிதாக வந்திருக்கும் பெரிய கடைக்குத்தான் போக வேண்டும். அதை முதலாளி சுவாமிநாதனிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தார். மூன்றாம் நாள், வைத்தியலிங்கம் வழியாக விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. முதலாளி கூப்பிட்டார்.

"போயிட்டு வாப்பா. பொண்ணு கேக்குது, என்ன பண்றது? அப்படியே அங்க செய்கூலி என்ன போடுறானுங்கன்னு பாத்துட்டு வந்துரு. ஏசி எத்தனையில வச்சிருக்கானுங்கன்னும் பாரு."

கடைக்கும் கடைக்கும் நடுவே நாற்பது அடி ரோடு. அன்பழகன் அதைக் கடக்க கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார். அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்து, ஒரு டீ குடித்து, எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்தார். பெரிய கடையின் வாசற்காவலர் கதவைத் திறந்து, "வாங்கண்ணே, பாப்பாவுக்கு எப்ப நிச்சயம்?" என்றார். சுற்றி வந்தது வீண்.

பிளாட்டினப் பகுதியில் இருந்தவர் சஃபியா, திருமலைராயன்பட்டினத்துப் பெண். இரண்டு வருடம் அன்பழகனுக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். எழுந்து நின்று, கொஞ்சம்கூடச் சிரிக்காமல் கேட்டார்.

"உக்காருங்கண்ணே. யாரு போடப் போறாங்க?"

அன்பழகன் உட்கார்ந்தார். தண்ணீர் வந்தது. டம்ளரை எடுக்கும்போது தன் விரலைத் தானே ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"எங்க வீட்டு மாப்ளைங்க தங்கம் போட மாட்டாங்கள்ல, அதனால பட்டினத்துலேருந்து வர்றவங்க நிறைய பேரு இதுதான் கேக்குறாங்க" என்று சஃபியா தட்டைத் திறந்தார். "கல்லு வச்சதும் இருக்கு. ஆனா சாப்பிடுற கையில..."

"சாம்பார் சாதம். தெரியும். வெத்து வளையமாவே காட்டு."

ஓரம் மழுங்கிய, நடுவில் மெல்லிய கோடு ஓடும் ஒன்று இருவருக்குமே பிடித்தது. எடையைப் பார்த்தார். தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்திருந்தார். செய்கூலியைக் கேட்டபோது முதலாளிக்காக மனதில் குறித்துக்கொண்டதாகவே தெரிந்தது.

"அளவு சொல்லுங்கண்ணே. இதுல மாதிரிக்கு இந்த ஒண்ணுதான் இருக்கு, மாப்ள அளவுக்கு வரவழைக்கணும். இன்னிக்கு நாலு மணிக்குள்ள ஆர்டர் போட்டா பத்து நாள்ல வந்துடும்."

நிச்சயதார்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"இருபது" என்றார் அன்பழகன்.

"அளந்தீங்களா?"

"நான் என்னிக்கும்மா அளந்தேன்?"

சஃபியா பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணே, இது தங்கம் இல்ல. பத்தலன்னா பட்டறையில குடுத்து, தட்டிப் பெருசாக்கி, சாயங்காலமே வாங்கிட்டுப் போற வேலை கெடையாது. தப்பினா கோயமுத்தூருக்கு அனுப்பணும். மூணு வாரம். எப்பப் பாத்தீங்க மாப்ளய?"

"வைகாசியில. பொண்ணு பாக்க வந்தப்ப."

"கத்திரி வெயில்ல."

"ஆமா."

"அம்பகரத்தூர்லேருந்து பைக்ல வந்திருப்பாரு."

அன்பழகன் டம்ளரைக் கீழே வைத்தார். வெயிலில் விரல் உப்பும், மழையில் சுருங்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவர் அவர்தான். கத்திரியில் எடுத்த அளவை ஐப்பசியில் நம்பாதீர்கள் என்பதும் அவருடைய வாசகம்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டரை.

மகளுக்கு போன் போட்டார். "அவரையே நூல் சுத்தி அளந்து போட்டோ அனுப்பச் சொல்லட்டுமாப்பா?" என்றாள். "நூலு இழுத்தா நீளும்மா" என்றார். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "பொண்ணு வீட்டுக்காரன் போயி மாப்ள விரலப் புடிச்சுப் பாக்குறதா? நாளைக்கு ஊரே சொல்லும். மோதிரக்கடைக்காரனுக்கு மாப்ள விரல் தெரியலன்னு" என்றார். சொல்லிக்கொண்டே ரோட்டை நேராகக் கடந்து தன் கடைக்குப் போனார். ஆணியிலிருந்து வளையக் கொத்தை எடுத்தார், சட்டையில் தூசி துடைத்தார், திருநள்ளாறு பஸ்ஸில் ஏறினார்.

கொம்யூன் அலுவலகத்தின் முன்கூரைக்குக் கீழே பைக்குகள் நனையாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. ரஞ்சித்குமார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையை அவசரமாகக் கழுவிக்கொண்டு வந்தார். "மாமா, ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றார்.

"கைய நல்லாத் தொடச்சிட்டு நீட்டுங்க மாப்ள."

கொத்து வெளியே வந்ததும் ஜன்னலில் இரண்டு தலைகள் முளைத்தன. "என்ன சார், மாப்ளைக்கு விலங்கா?" என்றது ஒன்று.

"இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு தம்பி. இது ஒத்திகை."

இருபது ஏறிய வேகத்திலேயே இறங்கியது. அன்பழகன் அதை இன்னொரு தரம் மாட்டினார். இந்தத் தடவையும் இறங்கியது. "இது கத்திரிக்குச் சரி" என்றார் மெதுவாக. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். விரலாலேயே தடவி அடுத்த வளையத்தை எடுத்து, மாப்பிள்ளையின் விரல் முட்டியில் லேசாகத் திருகி ஏற்றி, இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். முட்டியில் தயங்கி, பிறகு வந்தது.

"எண்ண நீங்களே படிங்க மாப்ள."

"பத்தொம்பது மாமா."

ரஞ்சித்குமார் கையை மடக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "நித்யா ஏதோ சொல்லியிருக்கும். சும்மா பேச்சுக்குச் சொன்னேன் மாமா. உங்க கடையிலயே தங்கத்துல எடுங்க. அதான் மரியாத."

"இருக்கட்டும் மாப்ள. தர்மகர்த்தா வேலைக்கு இன்னும் வயசு இருக்கு."

மாப்பிள்ளையின் காது சிவந்தது. ஜன்னலில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்பழகன் வளையக் கொத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. வழக்கம்போல நின்றுகொண்டே சஃபியாவுக்கு போன் போட்டார். "பத்தொம்பது போடும்மா." அந்தப் பக்கத்திலிருந்து "அளந்தீங்களா?" என்று கேள்வி வந்திருக்க வேண்டும். "பஸ்ஸு சத்தத்துல ஒண்ணும் கேக்கல, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அப்போது மணி இரண்டு பத்து.

கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே முன்பக்கத்திலிருந்து வந்தார். கம்பியைப் பிடித்திருந்த அவருடைய கையைப் பார்த்து, "இருபத்தொண்ணு" என்று அன்பழகன் முணுமுணுத்தார். இரண்டு நிமிடம் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். பிறகு சட்டைப்பைக்குள் கையை விட்டு வளையக் கொத்தை எடுத்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம் அந்தக் கைய இப்படிக் காட்டுங்க."

கண்டக்டர் ஒன்றும் புரியாமல், விரலிடுக்கில் மடித்துச் செருகியிருந்த நோட்டுகளை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, விரலை நீட்டினார்.